வேண்டியவர்களுக்கான டப்பா

இஸ்திரி மேஜையின் மேல் உதறிப் போட்ட சமையலறைத் துண்டு படிய மறுத்தது. காய்ந்து முறுக்கிக்கொண்டு, ஒரு ஓரம் விறைப்பாக நின்றது. சலவைக் கடையில் இத்தனை வருஷமாக ஹோட்டல் மேஜை விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பவள் அவள். ஒரு துணி விறைத்தால் எதனால் விறைத்தது என்று கையே சொல்லிவிடும். ஆனால் இந்தத் துண்டுக்கு யாரும் கஞ்சி போடவில்லை. முந்தின நாள் காலையில் புருஷனுடைய புரோட்டீன் தம்ளர் கைதவறிக் கவிழ்ந்தபோது மேஜையைத் துடைத்தது இதை வைத்துத்தான். கடையில் அலசிக்கொள்ளலாம் என்று பையில் திணித்து எடுத்து வந்து, கொடியில் போட்டு, வேலை மும்முரத்தில் அலச மறந்துபோய், அது அங்கேயே காய்ந்துவிட்டது.

தண்ணீர் தெளித்து, இஸ்திரிப் பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தாள். கறை பட்ட இடம் பளபளவென்று மின்னியது. சாக்லெட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை எழும்பியது. மாவு சூட்டில் வாடுகிற வாசனை. அவள் தினமும் எட்டு மணி நேரம் சுவாசிக்கிற வாசனை. பால் சிந்திய துணிகளும் கடைக்கு வராமல் இல்லை. அவை புளித்து நாறுமே தவிர இப்படி மினுங்காது. புரோட்டீன் பவுடர் பாலிலிருந்து எடுப்பது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். பாலிலிருந்து எடுத்தது எதற்காகக் கஞ்சி மாதிரி நடந்துகொள்ள வேண்டும்? "சே, என்ன புத்தி இது" என்று தன்னையே திட்டிக்கொண்டு அடுத்த விரிப்பை எடுத்துப் போட்டாள். ஆனால் மனசு அந்தத் துண்டை விட்டு நகரவே மாட்டேன் என்றது.

அவள் புருஷனைத் தெருவில் எல்லோரும் கிரேன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்கள் எழும்பும் இடங்களில், அதைவிட உயரமாக நிற்கும் கிரேனின் உச்சிக் கூண்டில் உட்கார்ந்து கம்பியும் கான்கிரீட்டும் தூக்கிக் கொடுப்பவர். அந்தக் கூண்டுக்கு லிஃப்ட் கிடையாது, ஏணிதான். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாடுகூட மேலேதான். போன மழைக்காலத்தில் காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் கிடந்து, உயிரோடு திரும்பி வந்தார். தொடைச் சதை மட்டும் கூட வரவில்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பெனிக்காரர்கள் நல்ல மாதிரி. உடல் தகுதிப் பரிசோதனையில் ஏணி ஏறிக் காட்டும்வரை அவர் இடத்தில் தற்காலிகமாக ஓர் ஆளைப் போட்டுச் சமாளித்தார்கள். "புரோட்டீன் உள்ள போகணும், எக்சர்சைஸ் விடாம செய்யணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னாலும் கால் தேறாது" என்று பிசியோதெரபிப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அப்போது அவள் ஒரு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். மருந்துக் கடை, பெரிய அங்காடி, உடற்பயிற்சிக் கூடத்தின் வாசல் என்று ஒன்று விடவில்லை. டப்பாவின் முன்பக்கத்தில் புஜத்தை முறுக்கிக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்க்கக் கூடாது, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று பிசியோ பெண் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு கரண்டியில் எத்தனை கிராம் புரோட்டீன், சேர்மானங்களில் முதலில் நிற்பது எது, சர்க்கரையும் மாவும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். டப்பாவின் விலையை டப்பாவின் எடையால் வகுக்காமல் உள்ளே இருக்கும் புரோட்டீனால் வகுக்க வேண்டும். ஐசோலேட் என்று கூப்பாடு போடுகிற விலை உயர்ந்த சமாச்சாரம் அவருக்குத் தேவையில்லை; அவ்வளவு சுத்திகரிக்காத வெறும் கான்சன்ட்ரேட் போதும். வாசனையும் நிறமும் இல்லாதது இன்னும் மலிவு. கடைசியில், படமோ பளபளப்போ இல்லாத, சிமெண்டு மூட்டைக்குத் தம்பி மாதிரி இருந்த ஒரு பழுப்புப் பொட்டலத்தில் வந்து நின்றாள். சிக்கனம் பிடித்தால் மாதா மாதம் வாங்கிவிடலாம். கையில் எடுத்தும்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய சொந்தத் தம்பி போன் பண்ணினான். அவன் உடற்பயிற்சிக்காரர்களுக்கான சத்துப் பவுடர்கள் விற்கும் கடையில் விற்பனையாளன்.

"அக்கா, நான் இந்த லைன்லயே இருக்கேன், நீ கண்ட கடையில போய் நிக்கற? மாமாவுக்கு அந்த மண்ணாங்கட்டியைக் கொடுப்பியா? வச்சிட்டு வா. நம்ம கடையிலேயே நம்பர் ஒன் சரக்கு, பாதி விலைக்கு நான் தரேன்."

அவள் பழுப்புப் பொட்டலத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள். தம்பி தங்கமூடி போட்ட டப்பாவோடு வீட்டுக்கே வந்தான். மூடியில் சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண்ணைத் தன் நகத்தாலேயே சுரண்டி, போனில் என்னமோ தட்டி, "ஒரிஜினல். பாத்துக்கோ" என்றான். பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. தம்பியின் போனை எட்டிப் பார்ப்பதா? அம்மா படுத்த படுக்கையான பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சட்டை தேய்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்தான். அடுத்தடுத்த டப்பாக்களை அவனே சுரண்டிவிட்டுத்தான் கொண்டுவந்தான். உனக்கு அந்த வேலை மிச்சம் என்றான்.

பச்சைத் தண்ணீர் குடித்தால் கிரேன்காரருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் அவள் எப்போதும் கொதிக்கிற வெந்நீரில்தான் கலந்தாள். சூட்டில் போட்டால் திரிந்து கட்டி தட்டும் என்று பிசியோ பெண் எச்சரித்திருந்தாள். இதுவோ ஒரு கட்டி கிடையாது; நொடியில் வழவழவென்று கெட்டியாகிவிடும். பெருமை தாங்காமல் தம்பியிடமே அதைச் சொன்னாள். "அதான் அக்கா குவாலிட்டி" என்று அவன் சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். இப்போது இஸ்திரி மேஜை முன்னால் நின்றபடி அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தாள்.

சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு ஓடினாள். கிரேன்காரர் பிசியோதெரபிக்குப் போயிருந்தார். வாணலியில் தண்ணீர் விட்டு, இரண்டு கரண்டிப் பவுடரைப் போட்டு, அடுப்பை எரியவிட்டுக் கிண்டினாள். திரிய வேண்டும், கட்டி கட்டியாகப் பிரிய வேண்டும் என்று, தெரிந்த அத்தனை தெய்வங்களையும் வேண்டிக்கொண்டாள். அது திரியவில்லை. கண்ணாடிபோல் மினுங்கி, கரண்டியை விட்டு இறங்காமல் இழுத்தது. விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்தாள். கடைப் பின்கட்டில் அண்டாவில் தினமும் அவள் கிண்டுகிற அதே பசை. இதற்கு ஒரு சாக்லெட் சட்டை, அவ்வளவுதான். அடுப்பை அணைத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தம்பி வேலை செய்யும் கடை குளுகுளுவென்றிருந்தது. ஓர் இளைஞன் டப்பா வாங்கிக்கொண்டிருந்தான். தம்பி அவனிடம், "நீங்களே சுரண்டி செக் பண்ணிக்கோங்க சார், உங்க போன்லயே பாருங்க" என்று பணிவாகச் சொல்வது காதில் விழுந்தது. அவளைக் கண்டதும் முகம் மலர, "வா அக்கா" என்றான். அவள் டப்பாவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இளைஞன் போனதும், அவளைச் சரக்கு அடுக்கியிருந்த பின்னறைக்குக் கூட்டிப்போனான்.

"இது மாவுடா" என்றாள்.

இல்லை என்று அவன் சாதித்திருக்கலாம். அடித்துப் பேசியிருக்கலாம். இஸ்திரி போடுகிறவளுக்கு என்ன தெரியும் என்று கத்தியிருந்தால்கூட அவள் பாதி நம்பியிருப்பாள். நம்புவதற்கு ஒரு காரணம் கிடைக்காதா என்றுதான் பஸ்ஸில் வழி முழுக்கத் தவித்துக்கொண்டு வந்தாள். அவன் கதவைச் சாத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"முழுசா மாவு இல்லக்கா. கொஞ்சம் புரோட்டீனும் இருக்கும்."

"தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

"முதலாளி ரெண்டு சரக்கு இறக்குவாரு. ஒண்ணு ஒரிஜினல், ஒண்ணு இது. இதுல மாசம் இத்தனை தள்ளணும்னு ஆளாளுக்குக் கணக்கு. தள்ளலைன்னா வேலை போயிடும். கடைக்கு வர்றவங்க யாரு தெரியுமா? போனை எடுத்து அங்கேயே செக் பண்றவங்க. லேபுக்கே அனுப்பறானுங்க சில பேரு. அவங்ககிட்ட இதைக் கொடுக்க முடியுமா?" அவன் குரல் தணிந்தது. "வேண்டியவங்ககிட்டதான் கொடுக்க முடியும். நீ செக் பண்ண மாட்டேன்னு தெரியும்."

அவன் அதை ஓர் ஆதங்கத்தோடு சொன்னான். அவன் நெருக்கடி அவளுக்கும் புரிந்துவிடும் என்கிற எதிர்பார்ப்புகூட அவன் கண்ணில் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. முன்பின் தெரியாத அந்த இளைஞனுக்கு நல்ல டப்பா. ஏனென்றால் அவன் இவனை நம்பவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்கு மாவு. ஏனென்றால் அவள் நம்பினாள்.

"உன் மாமா அதைக் குடிச்சிட்டு தினம் அந்த நாற்காலியைப் பிடிச்சு உக்காந்து எந்திரிக்கிறாருடா. பல்லைக் கடிச்சுக்கிட்டு. நீயும் வந்து பாத்தியே. பாத்துக்கிட்டேதானே அடுத்த டப்பாவைக் கொண்டுவந்து வச்சே?"

"அக்கா, சத்தம் போடாதே. முன்னாடி ஆள் வந்திருக்காங்க." அவன் அலமாரியிலிருந்து அதே தங்கமூடி போட்ட வேறொரு டப்பாவை எடுத்து நீட்டினான். "இந்தா, இது ஒரிஜினல். காசு வேணாம். நீயே சுரண்டிப் பாரு."

கை எட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது, இத்தனை நாளும். அவள் அதை வாங்கவில்லை. இவனைப் பெற்றிருந்தால் அடித்திருக்கலாம், வளர்த்ததோடு நின்றுவிட்டோமே என்று என்னமோ சம்பந்தமில்லாமல் ஒரு நினைப்பு ஓடியது. கடையை விட்டு வெளியே வந்து, வெயிலில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் பஸ் என்று தெரியாமல் நின்றாள். பிறகு நேராக அந்தப் பெரிய அங்காடிக்குப் போய், பழுப்புப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாள். பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது. தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம். இனிமேலாவது நல்லது உள்ளே போனால் கால் தேறிவிடும் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். அவரிடம் தம்பி விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் புரியவில்லை. மச்சினன் என்றால் அவருக்கு உயிர்.

சாயங்கால வெளிச்சம் சாய்வாக உள்ளே விழுந்திருந்தது. கிரேன்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உடற்பயிற்சி செய்யும் நேரம் அது. பாய் சுருட்டியபடியே கிடந்தது. அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"இனிமே அதெல்லாம் எதுக்கு? நான் சூப்பர்வைசருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், என் இடத்துக்கு வேற ஆளை நிரந்தரமா போட்டுக்கச் சொல்லி. பாவம், எனக்காக எத்தனை நாள் காத்திருப்பாரு?"

அவள் பொட்டலத்தை நழுவவிடாமல் இறுக்கிப் பிடித்தாள். "என்ன சொல்றீங்க? எப்போ?"

"மத்தியானம்தான். எவ்வளவு செஞ்சாலும் இந்தக் கால் ஏமாத்துதும்மா. சில உடம்புக்கு எவ்வளவு சத்து கொடுத்தாலும் ஒட்டாதாம். நான்தான் வெக்கத்தை விட்டு உன் தம்பிகிட்ட போன வாரம் கேட்டேன். 'உங்க உடம்பு அப்படித்தான் மாமா, ஏன் கஷ்டப்பட்டுக்கிட்டு, கீழயே ஏதாவது வேலை பாத்துக்கோங்க'ன்னு எவ்வளவு பக்குவமா சொன்னான் தெரியுமா? அக்காகிட்ட சொல்லாதீங்க, மனசு ஒடஞ்சிடுவாங்கன்னான். உன்மேல அவனுக்கு அவ்வளவு பாசம்."

மாவைக் கொடுத்ததைக்கூட வேலைக்குப் பயந்து செய்தான் என்று, ஒரு பத்து வருஷம் கழித்தாவது, மனசின் எந்த மூலையிலாவது வைத்துக்கொண்டிருப்பாள். இதை எங்கே வைப்பாள்? தன் பொய் தெரியாமலிருக்க அந்த மனுஷனுடைய உடம்பின் மேலேயே பழியைப் போட்டிருக்கிறான். அவரும் அதை நம்பி, ஏணியிலிருந்து தானாகவே இறங்கிவிட்டார்.

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. "ஒட்டாம போகலைங்க. ஒட்டறதுக்கு நாம ஒண்ணும் கொடுக்கவே இல்ல" என்று ஆரம்பித்தாள். துண்டு, வாணலி, கடையின் பின்னறை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், தம்பியைப் பற்றி அவர் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் தன் தொடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இந்தக் கால் வெறும் மாவுலயா இவ்வளவு தூரம் எந்திரிச்சுது?" என்றார்.

அவள் போனை எடுத்து, சூப்பர்வைசரின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு மேஜைமேல் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. இந்நேரம் அந்த மனிதர் கான்கிரீட் கலவை இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவில் நிற்பார். எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். கிரேன்காரருக்கு மேலதிகாரியிடம் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. நாற்காலியின் கைகளைப் பற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, பற்றிய கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கால்களின் பலத்தில் மட்டும் எழும்பத் தொடங்கினார். இரண்டு முழங்கால்களும் வெடவெடவென்று நடுங்கின. பாதி எழுந்த நிலையில் அவர் நின்றார். அவள் கை தானாக நீண்டது. அதை இழுத்துப் பொட்டலத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மணி இன்னும் போய்க்கொண்டிருந்தது.