எண்ணெய் குடித்த சிலுவை

சுவிஸில் லுட்சேர்ன் பக்கத்துக் கிராமம் ஒன்றின் தேவாலயச் சேமக்காலையில் சச்சிதானந்தனுக்கு இலை கூட்டுகிற வேலை. பக்கத்து ஊரான எம்மன்புரூக்கேயில் தொழிற்சாலையில் வேலை செய்யும் மரியதாஸ்தான் பிடித்துக் கொடுத்தவர். அந்த ஊர்ப் பாஷை தெரியாததால் நாள் முழுக்க வாய் திறந்து பேச ஆளில்லை. பின்னேரமானால் தன் குரலே தனக்குப் புதிதாய்க் கேட்கும்.

கல்லறைகளுக்கு நடுவே ஆளுயரத்தில் ஒரு மணற்கல் சிலுவை. அறுநூறு வருடப் பழசு என்றார்கள். ஒரு கை உடைந்து, செதுக்கிய முகம் மழையில் கரைந்து போயிருந்தது. நவம்பர் பிறந்ததும், இறந்தோரை நினைக்கும் நாளில், ஊர்ச்சனம் வந்து எல்லாக் கல்லறைக்கும் பூவும் மெழுகுதிரியும் வைத்துவிட்டுப் போனது. சிலுவைக்கு ஒருவரும் இல்லை. சச்சிதானந்தனுக்கு மனம் கேட்கவில்லை. மறுநாள் அதைத் தண்ணீர் வார்த்துக் கழுவி, தலைக்கு வைக்க வைத்திருந்த நல்லெண்ணெய் முழுவதையும் தேய்த்துவிட்டான்.

விடியப் பார்த்தால் கல் கறுத்துப் போய் நின்றது.

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அலோய்ஸ் கிழவர் விரலால் தொட்டு மணந்து பார்த்தார். மரியதாஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னடா செய்தனீ?" என்றார் மரியதாஸ்.

"எண்ணெய்க்காப்பு வைச்சனான், அண்ணை. பாவம், அதுக்கு ஒருத்தரும் வரேல்லை."

"அதென்ன உன்ர ஊர் வைரவர் கல்லோ? உனக்காக நானெல்லோ வாக்குக் குடுத்தனான்!" மரியதாஸ் தலையில் கைவைத்தார். பிறகு கிழவர் சொன்னதைச் சொன்னார். "கழுவேக்க கல்லுக்குள்ள போன தண்ணியை எண்ணெய் வெளியில விடாதாம். உறைபனி விழுந்தா அது உறைஞ்சு கல்லு வெடிக்குமாம். வெடிச்சுதெண்டா உனக்கு இஞ்சை வேலை இல்லை."

"எண்ணெயை எப்பிடி எடுக்கிறது?"

"களிமண் அப்பி, காயவிட்டு உரிக்கட்டாம். நீயும் உன்ர காப்பும்!"

குழைத்தான், அப்பினான், உரித்தான். உரித்த மண்ணில் எண்ணெய் மணத்தது. திரும்பவும் அப்பினான். விரல் நுனியெல்லாம் தோல் போயிற்று. கிழவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். கல் மெல்ல மெல்ல வெளுத்தது. அடிப்பக்கம் மட்டும் கறுப்பு விடவில்லை.

அதற்குள் உறைபனி விழுந்துவிட்டது. காலையில் சச்சிதானந்தன் மூச்சு வாங்க ஓடிவந்தான். கிழவர் முன்னமே வந்து, கல்லைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். அடிப்பக்கத்தில் குந்தி நெடுநேரம் தடவினார். எழுந்து, நல்லது என்பதுபோல் தலையசைத்தார். கூட்டாமல் கிடந்த இலைகளைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சச்சிதானந்தன் சுற்றுமுற்றும் பார்த்தான். இதை யாருக்குச் சொல்வது?

"வெடிக்கேல்லை!" என்று உரக்கச் சொன்னான்.

கல்லறைக்குப் பூ கொண்டுவந்த ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு மற்ற வரிசையால் சுற்றிப் போனாள்.