பத்து முறை மட்டும்

பிளாரன்ஸ் டீச்சரின் வலது கை தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வரை வந்தது. அதற்குப் பிறகு ஏறவில்லை.

ஆகஸ்ட் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் மேல்கை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அசையாமல் கிடந்த தோள் இறுகிவிட்டது. அன்று மூன்று மணி நேரம் யாரும் வராமல் அவள் ஈரத்தரையில் கிடந்ததை, சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மகன் ரெனிஷால் மறக்க முடியவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறைக்குச் சொல்லி வைத்துவிட்டான்.

"டிசம்பர்ல வாரேன். அதுக்குள்ள கை தலைக்கு எட்டி, நீங்களே சடை பின்னிக்கிட்டீங்கன்னா இங்கனயே இருங்க. இல்லன்னா வீட்டைப் பூட்டிருவோம்மா" என்று போனில் சொன்னான்.

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அது அவள் கணவர் பாஸ்கல் இருந்த வீடு. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியும் அவருடைய சட்டைகள் கொடியில்தான் கிடந்தன.

அவள் வீடு இருக்கும் மில்லர்புரத்திலேயே இரண்டு தெரு தள்ளி அனுசியாவின் பிசியோதெரபி நிலையம். அனுசியா தினமும் ஓட்டப்பிடாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவள். ஐந்தாவது வாரம், டீச்சரின் கையைத் தூக்கச் சொல்லிக் கோணமானியை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். போன வாரம் நூற்றுப்பத்து டிகிரி. இன்று தொண்ணூறுதான்.

"வீட்டுல எத்தனை தடவை செய்யுதீங்க டீச்சர்?"

"நீ சொன்ன மாதிரிதான். காலையில பத்து, சாயங்காலம் பத்து."

"வலி பத்துக்கு எத்தனை இருக்கும்?"

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

முட்டு ஆபரேஷன் முடிந்து, பக்கத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த பலசரக்குக் கடை செந்தூர்பாண்டி அண்ணாச்சி சிரித்தார். "டீச்சருக்கு மார்க் போட்டுத்தான் பழக்கம் தாயி, வாங்கிப் பழக்கமில்ல. எங்கிட்ட கேளு, பத்துக்குப் பன்னெண்டு தாரேன்."

"நீங்க மிதிங்க அண்ணாச்சி. பேசுனா முட்டு மடங்காது."

டீச்சரும் சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை என்பதை அனுசியா பார்த்துவிட்டாள்.

வீட்டுக் கதவு நிலையில் ஒரு கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து, முடியாத கையை மேலே ஏற்ற வேண்டும். அதுதான் பயிற்சி. கயிறு சரியாகக் கட்டப்படவில்லையோ என்று நினைத்து அனுசியா அன்று மாலை ஊருக்குப் போகும் வழியில் டீச்சர் வீட்டில் வண்டியை நிறுத்தினாள். உள்ளே இரண்டு பேர் ஜெபமாலை சொல்வதுபோல் கேட்டது. ஒவ்வொரு ஜெபத்தின் முதல் பாதியும் டீச்சரின் குரல். இரண்டாம் பாதி தாழ்ந்த குரலில், கொஞ்சம் அவசரமாக வந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் டீச்சர் மட்டும்தான் நின்றாள். ஜெபமாலை இடது கையில் சுற்றியிருந்தது. முதல் பாதிக்குக் கை ஏறியது, இரண்டாம் பாதிக்கு இறங்கியது, விரலில் ஜெபமாலையின் ஒரு மணி நகர்ந்தது.

ஜெபத்தில் குறுக்கிடக் கூச்சப்பட்டு, பத்தில் நின்றுவிடும் என்று அனுசியா காத்திருந்தாள். நிற்கவில்லை. டீச்சரின் முகம் வலியில் சுருங்குவது தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

"கயிற விடுங்க டீச்சர்."

பரீட்சையில் பிடிபட்ட பிள்ளைபோல் பிளாரன்ஸ் திரும்பினாள்.

"மொத்தம் எத்தனை?"

"அம்பத்திமூணு. ஒரு ஜெபமாலை முழுசும். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"வலிக்கலயா?"

"வலிச்சுது. ஒப்புக்கொடுத்துட்டேன்." வேதனையை ஆண்டவருக்குக் காணிக்கையாக வைத்தால் அது வீணாகாது என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள்.

அனுசியா தோளைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது.

"சீக்கிரம் எட்டணும்னுதான் செஞ்சீங்களா?"

"அதுக்காகவுந்தான்." பிளாரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முதல் பாதி நான் சொல்லுவேன், ரெண்டாம் பாதி அவரு சொல்லுவாரு. முப்பத்தாறு வருஷம். இப்ப ரெண்டையும் நானே சொல்லுதேன். கைய தூக்கி இறக்கும்போது, ரெண்டு பேரு சொல்லுத மாதிரி இருக்கு. பத்தோட நிறுத்துனா வீட்டுல சத்தமே இல்லாமப் போயிருது ஏளா."

அனுசியா சமையலறைக்குப் போனாள். பிரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றி, பக்கத்தில் நின்று தோளில் வைத்துப் பிடித்தாள். அவள் வீட்டிலிருந்து போன் வந்தது. "அரை மணி ஆகும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மாற்றிப் பிடித்தாள்.

"ஜெபத்த முழுசா உக்காந்து சொல்லுங்க. கைக்குப் பத்து போதும். வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க, வேண்டாங்கல. எங்கிட்டயும் எத்தனைன்னு சொல்லிருங்க. அவரு சொல்லாமலே தெரிஞ்சுக்கிடுவாரு, எனக்கு அது வராது."

பிளாரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. பிறகு கேட்டாள்: "ரெனிஷ் வாரதுக்குள்ள எட்டுமா?"

ஆமாம் என்று சொல்லிவிடுவது அனுசியாவுக்கு எளிது. "எட்டாது டீச்சர். ஒரு வாரம் கயிறத் தொடக்கூடாது. அப்புறம் மெதுவாத்தான். தை கடைசி ஆகும்."

"அவன்ட்ட நீ சொல்லுதியா?"

"நீங்க சொன்னாத்தான் நல்லது. நான் வேணா பக்கத்துல இருக்கேன்."

"வேண்டாம். நீ ஊருக்குப் போகணும்."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் திருப்பலி முடிந்து வந்ததும் ரெனிஷின் போன் வந்தது. சுற்றி வளைக்காமல் பிளாரன்ஸ் சொன்னாள். "கை எட்டாதுப்பா. நான்தான் கூட இழுத்துக் கெடுத்துக்கிட்டேன்."

கப்பலின் இரைச்சலுக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"வலிக்கா?"

"விழுந்த நாள்ல இருந்தே வலிக்கு."

"ஒவ்வொரு வாட்டியும் கேட்டனேம்மா. நல்லா இருக்கேன்னு சொன்னீங்களே."

"நல்லா இல்லன்னா பூட்டிருவியே."

அவன் குரல் தணிந்தது. "சரிம்மா. சிஸ்டர்ட்ட தை முடியட்டும்னு சொல்லுதேன். வந்ததும் அந்தப் பிசியோ அக்காவப் பாக்கேன்."

"அப்பவும் எட்டலன்னா?"

"அப்ப பேசுவோம்மா. இனி வலிச்சா மட்டும் சொல்லிருங்க."

தொடர்பு அறுந்தது. வீட்டிலேயே இருங்கள் என்று அவன் சொல்லவில்லை. பூட்டுவோம் என்றும் சொல்லவில்லை. பிளாரன்ஸ் பிரிட்ஜைத் திறந்து, இடது கையால் ஐஸைத் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அனுசியா பதினைந்து நிமிடம் என்றுதான் சொல்லியிருந்தாள். பிளாரன்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினைந்து ஆனதும் எடுத்துவிட்டாள்.