கடைசி பெஞ்சு மேலே போன தேவாலயம்

பஸ் டிரைவர் சிறையிலிருந்து வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த மாதத்தில் அந்தத் தேவாலயம் பீடத்தின் பக்கமாகச் சாய்ந்தது. இதில் வியக்க ஒன்றுமில்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டி, தையல்காரியின் ஒரே மகளைக் கொன்றவன் அவன். அவன் மூச்சுக்காற்று மேலே பட்டுவிடக் கூடாதென்று பரிசுத்தவான்கள் வாராவாரம் ஒரு பெஞ்சு முன்னால் தள்ளிப் போனார்கள். கடைசியில் முதல் இரண்டு வரிசைகளில் ஒருவர் மடியில் ஒருவராக மொத்தச் சபையும் அடைந்துகொண்டது. பாரம் ஒரே பக்கம் சேர்ந்தால் கட்டடம் என்ன செய்யும்? முன்பக்கம் தாழ்ந்தது, டிரைவர் தன் பெஞ்சோடு ஆள் உயரத்துக்கு மேலே போனான். காணாமற்போன ஆட்டைப் பற்றிப் போதகர் மேசையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி பிரசங்கம் செய்தார். பாட்டுப் புத்தகங்கள் சறுக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் குவிந்தன.

என்ஜினியர் வந்து பார்த்தார். "நாலு பேர் பின்னாடி போய் உக்காந்தா சரியாப் போயிடும்" என்றார். சபைச் செயலாளருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மன்னிக்கிறதெல்லாம் அன்னைக்கே மன்னிச்சாச்சு சார். அதுக்காகப் பக்கத்துலயா உக்கார முடியும்?" ஆகவே மணல் மூட்டைகளைப் பின்னால் அடுக்கினார்கள். கட்டடம் இம்மியும் அசையவில்லை. டிரைவருக்குப் போக வேறு இடமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பெஞ்சு பெஞ்சாகப் பிடித்து ஏறிப் போய் உட்கார்ந்தான்.

தையல்காரி தன் மகள் செத்ததிலிருந்து கோவிலுக்கு வராதவள். ஒரு ஞாயிறு வந்தாள். முன்வரிசையில் அவசர அவசரமாக இடம் ஒதுக்கினார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். அவன் எழுந்து நின்றான்.

"அம்மா, நான் யாருன்னு..."

"தெரியும். தள்ளி உக்காரு. கால் வலிக்குது."

அவள் உட்கார்ந்ததும் தரை மெல்ல இறங்கிச் சமமானது. ஒல்லிக்குச்சியான பெண், என்ன பெரிய எடை இருந்துவிடும்! அவள் அழுதாள், அவனும் அழுதான். அவளுடைய பெருந்தன்மைக்குப் பாராட்டுக் கூட்டம் போடலாமென்று வந்த செயலாளரிடம், "நீங்களும் வந்து உக்காருங்களேன்" என்றாள். கூட்டம் நடக்கவில்லை.

ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. அவள் வருகிற வாரம் தரை சமமாக இருக்கும். அவளுக்குக் காய்ச்சல் கண்டால் டிரைவர் மேலே தனியாகக் காலைத் தொங்கப் போட்டபடி இருப்பான்; கீழே சபையார் தூண்களைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குச் சீக்கிரம் சுகம் கிடைக்க வேண்டுமென்று கண்ணீர் விட்டு ஜெபிப்பார்கள். ஒரு ஏழைத் தையல்காரிக்காக ஒரு சபை இப்படி உருகுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மெய்சிலிர்த்துப் போகிறார்கள்.