முழு உடம்பு

செத்தவளைப் புரட்டிப் போட்டு முதுகைக் காடித் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தாள் லாப்பா. கதவு மறுபடியும் அதிர்ந்தது. அவள் புருஷன் மசேயோ இந்தப் பக்கம் திரும்பாமல் கதவுக்குத் தோளை முட்டுக்கொடுத்து நின்றான். கம்பளியைத் தொட்டியில் மிதித்து மிதித்துக் காய்த்துப்போன கால்கள் தரையில் வழுக்கின.

வெளியே மொந்தேரசோ ஊரே திரண்டு நின்றது. செத்துக் கிடந்தவள் அவன் தங்கை ஜெந்தீலா. பிறவிக் குருடி. ஊருக்குப் புனிதவதி.

"லாப்பாக்கா, அவ உடுத்துன துணில ஒரு துண்டாவது குடு. எம் மாட்டுக்கு மடி வீங்கிக் கெடக்கு."

"மொதல்ல உன் வாய்ல கட்டு அந்தத் துணிய," என்றது இன்னொரு குரல்.

மசேயோ பல்லைக் கடித்தான். "பக்கத்து ஊர்த் துறவிக்குக் குழிக்குப் போறதுக்குள்ள ரெண்டு காதையும் அறுத்துட்டானுங்க. எந் தங்கச்சி முழுசாப் போகணும். அடக்கம் பண்ண உகோ சாமி ஆளோட வர்ற வரைக்கும் ஒரு மயிர் வெளிய போகாது."

மூலையில் ஏழு வயது மகள் தெஸ்ஸா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்ணிலும் பால் படர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம்கூட லாப்பா, மகள் கண்ணைத் தொட்டுக் குணமாக்கச் சொல்லி நாத்தனாரிடம் கெஞ்சிப் பார்த்தாள். ஜெந்தீலா சிரித்துவிட்டாள். "என் விரலால ஆகாது அண்ணி. ஆகும்னா மொதல்ல எங் கண்ணுலல்ல வச்சிருப்பேன்?"

அது உயிரோடிருந்த விரல். செத்த பிறகு அது வேறு என்றுதான் ஊர் சொல்கிறது.

ஆட்டு மயிர் வெட்டும் கத்தரி மடியில் இருந்தது. செத்தவளின் இடது கைச் சுண்டுவிரலை அதற்குள் கொடுத்து இரண்டு கையாலும் அழுத்தினாள். கணு லேசில் விடவில்லை.

"என்னடி சத்தம்?"

"நகம் வெட்டுறேன்."

வெட்டியதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். ரத்தம் அதிகம் இல்லை. கையைத் துணிப்பட்டையால் சுற்றினாள்.

"வழி விடுங்கய்யா, தள்ளுங்க." உகோ சாமியின் குரல். மசேயோ தாழ்ப்பாளை எடுத்தான்.

அதற்குள் தெஸ்ஸா தடவித் தடவி வந்து அத்தையின் இடது கையை எடுத்துவிட்டிருந்தாள். துணிக்கு மேலேயே கட்டைவிரலுக்கு முத்தம் கொடுத்தாள். அடுத்ததற்கு, அதற்கும் அடுத்ததற்கு. நாலாவதற்குப் பிறகு அவள் கை துணியில் துழாவியது.

"ஒடம்பு முழுசா இருக்கா மசேயோ?" என்றார் சாமியார்.

"முழுசா இருக்கு சாமி."

தெஸ்ஸா அம்மா நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிறகு கட்டைவிரலிலிருந்து மறுபடி தொட்டுக்கொண்டு வந்தாள்.