6174-இல் வந்து நிற்கும் பூட்டுகள்

அந்த ஊரில் எந்தக் கதவுப் பூட்டும் தனக்குக் கொடுத்த எண்ணில் நிற்பதில்லை. ஏழு தடவை பூட்டுவதற்குள் எல்லாமே 6174-க்கு வந்துவிடும். வீட்டுக்காரர்கள் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திருகுகிற நாலு இலக்கப் பூட்டைப் பதித்த வருடம் அது தொடங்கியது. பூட்டும்போதெல்லாம் அது தன் இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசையைக் கழித்து, மிச்சத்தைப் புது எண்ணாக வைத்துக்கொள்ளும். 3524 வைத்தால் 3087, பிறகு 8352, பிறகு 6174. அதற்கப்புறம் அசையாது; 7641-இல் 1467 போனால் மறுபடியும் 6174தான். முதலில் பூட்டுக் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார்கள். பிறகு பழகிவிட்டது. திருடர்களுக்கே தொழிலில் ருசி போய்விட்டது என்றும், பூட்டு இனி நாய்க்கு மட்டும்தான் என்றும் சிரித்தார்கள்.

சிரிக்காதவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்த தையல்காரி. புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த தங்கை அவளிடம்தான் இருந்தாள். லாரி ஓட்டுகிற அந்தப் புருஷன் கதவை உடைக்கவில்லை, கத்தவில்லை. 6174-ஐத் திருகி, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். "அவசரமில்லக்கா, அடுத்த லோடு இறக்கிட்டு வந்து இவளைக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் போன பிறகு தங்கை அவன் குடித்த செம்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக் கழுவினாள்.

தையல்காரி எண்ணை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர்; எல்லாம் அங்கேயே போய் நின்றன. நாலும் ஒரே இலக்கமாக மட்டும் வைக்காதீர்கள் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வார், ஏன் என்று அவருக்கே தெரியாது. அவள் 4444 வைத்தாள். எப்படி அடுக்கினாலும் அதே எண், கழித்தால் மிச்சமில்லை. உள்ளிருந்து பூட்டியதும் 0000 என்று காட்டியது.

லாரிக்காரன் வந்தான். 6174-க்குக் கதவு அசையவில்லை. அவன் முட்டாளில்லை, அடுத்து நாலு பூஜ்யத்தைத் திருகினான். திறந்தது. அவன் கண்ணுக்கு உள்ளே மெஷின் இல்லை, கட்டில் இல்லை, ஆள் இல்லை. ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு மூலையில் நின்ற இருவரையும் தாண்டி அவன் பார்வை சுவருக்குப் போனது. தையல் மெஷினுக்குள்ளேயே நடந்து மறுபக்கம் வந்து, காறித் துப்பிவிட்டு வெளியேறினான்.

அன்றிலிருந்து அவர்கள் யார் கண்ணிலும் படவில்லை. தைக்கக் கொடுத்த துணிக்காக வந்தவர்கள் வெறும் வீட்டைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

"மறுபடி மாத்திடலாமாக்கா?" என்று தங்கை ஒருமுறை கேட்டாள். எண் வைக்கிற திருகாணி அசையவே இல்லை. பூஜ்யத்தில் பூஜ்யம் போனால் பூஜ்யம்தான். இவளை ஒரு வார்த்தை கேட்காமல் இவளையும் சேர்த்துக் கழித்துவிட்டேனே என்று தையல்காரி விடிய விடிய அழுதாள்.

பிந்திய வருடங்களில் அந்தத் தெருவில் இன்னும் பல வீடுகள் காலியாயின, பெரும்பாலும் பெண்கள் இருந்த வீடுகள். எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாடகை குறைந்த தெரு என்று மட்டும் ஊரில் பேசிக்கொண்டார்கள். லாரிக்காரன் இப்போதும் லோடு இறக்கினால் வருகிறான். வெறும் தரையில் உட்கார்ந்து, "எங்கடி போன?" என்கிறான். தங்கை அவனுக்கு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "இங்கதான்டா இருக்கேன்" என்கிறாள். முதல் தடவை 'டா' வந்தபோது பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போது சத்தமாகவே சொல்கிறாள்.