நூற்றுப் பன்னிரண்டாம் நாள்

காலை ஏழரைக்கு, பலகையில் இருந்த நூற்றுப் பதினொன்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். எங்கள் வார்டு வாசலில் தொங்கும் வெள்ளைப் பலகை அது. மேலே நீல எழுத்தில் 'படுக்கைப் புண் இல்லாத நாட்கள்' என்றிருக்கும். கீழே தினமும் ஒன்று கூடும் எண். பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பெலும்பு முறிந்தவர்களும் வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கிற வார்டு. அங்கே நூறு நாட்களைத் தாண்டுவது சாதாரண விஷயமில்லை. மற்றபடி என் கையெழுத்து கோழி கிளறியது போலத்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழகாக எழுதுவேன்.

இன்றைக்கு இன்னும் அழகாக எழுதினேன். மதியம் இரண்டு மணிக்கு நான்காவது மாடியில் எனக்கு நேர்காணல். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் பதவி. மூன்றாவது முறையாகப் போகிறேன், இனிமேல் போக முடியாது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி, அடுத்த மாதம் எனக்கு நாற்பத்தைந்து முடிகிறது. முதல் முறை போனபோது மகளுக்குக் கடுமையான காய்ச்சல், பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இரண்டாவது முறை, ஊசி போட நானே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். அவளிடம் மேற்படிப்பு இருந்தது, என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பப் படிவத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். "படி. சமையல் நான் பாத்துக்கறேன். உப்பு கூடக்குறைய இருந்தா வாயத் திறக்கக் கூடாது" என்றார். நான்கு வருடம் உப்பு கூடக்குறையத்தான் இருந்தது. பஸ் டிரைவர் அவர். டிப்போவில் மேற்பார்வையாளர் வேலை வந்தபோது, வேளை கெட்ட வேளையில் போக வேண்டியிருக்கும், மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வேண்டாமென்று சொல்லிவிட்டார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவருடைய கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நேற்று மாலை முழுக்க வீட்டில் ஒத்திகை. மகள் என் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேர்வுக் குழுவாக உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பலவீனம் என்ன மேடம்?"

"கோபம்."

"பொய் சொல்லாத" என்றார் அவர், என் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டே. "பலவீனம் என் வீட்டுக்காரர்தான்னு சொல்லு. பாவப்பட்டே வேலை குடுத்துருவாங்க."

மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினாள். "நீங்க செஞ்ச ஒரு தப்பைச் சொல்லுங்க. அதுலேருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

பயிற்சிக் காலத்தில் தெர்மாமீட்டரை உடைத்ததைச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இதெல்லாம் ஒரு தப்பாம்மா? பெருசா எதுவும் பண்ணலையா?"

"பண்ணலடி. பண்ணியிருந்தா சொல்ல மாட்டேனா?"

எங்கள் வார்டைப் பற்றிப் பத்து நிமிடம் திரையில் காட்டிப் பேச வேண்டும். படமெல்லாம் மகள்தான் செய்து கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே பெரிதாக 112.

நேர்காணல் நாளில் யாராவது டூட்டி பார்ப்பார்களா? பார்க்க வேண்டியதாயிற்று. இரண்டு பெண்கள் விடுப்பு. பதினெட்டுப் படுக்கைக்கு நானும் பட்டாசும்தான். வாய் ஓயாமல் வெடிக்கும் பெண் என்பதால் வார்டில் அவளுக்கு அந்தப் பெயர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடக்கிறாள். ஆள் கேட்டு நான் எழுதிய கடிதங்கள் எத்தனையோ. எல்லாம் நான்காவது மாடிக்குப் போகும், திரும்பி வந்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என் முதல் கையெழுத்து இந்த வார்டுக்கு ஆள் போடுவதாகத்தான் இருக்கும் என்று வார்டுப் பெண்களிடம் சொல்லியிருந்தேன். வெறும் பேச்சுக்காகச் சொன்னதில்லை. என் முழங்காலும் இன்னும் பத்து வருடம் ஆட்களைத் தூக்கித் தாங்காது.

எழுந்து உட்கார முடியாத ஆறு பேரையும் நானே எடுத்துக்கொண்டேன். அவர்களில் ஒருவர் ஜன்னலோரப் படுக்கையில் இருக்கும் கணக்கு வாத்தியார். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் இல்லை. அவர் மனைவி காலையில் வந்தால் இருட்டும்வரை அந்த ஸ்டூலிலேயே இருப்பார். வாத்தியாரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, கால்மாட்டில் தொங்கும் அட்டையில் நேரத்துக்கு எதிரே கையெழுத்துப் போட வேண்டும். எட்டு மணிக்கு நானும் பட்டாசும் சேர்ந்து அவரை வலது பக்கமாகப் படுக்க வைத்தோம். கையெழுத்துப் போட்டேன்.

பத்து மணிக்கு மேசையில் நேர்காணல் தாள்களை விரித்திருந்தேன். சான்றிதழ் நகல் மூன்று செட் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நேரத்தை மிச்சப்படுத்த ஆறு பேரின் அட்டைகளையும் மேசைக்கு எடுத்து வந்தேன். எல்லாவற்றிலும் பத்து மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். மற்ற ஐந்து பேரைப் புரட்டிவிட்டேன். வாத்தியார் கனத்த உடம்பு, தனியாக முடியாது. பட்டாசு அடுத்த கோடியில் ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வரட்டும் என்று தாளைப் படித்தேன். அவள் வந்தபோது புது நோயாளி ஒருவர் ஸ்ட்ரெச்சரில் வந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்கும் அப்படித்தான். மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மறக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன், வாத்தியார் கண்ணை மூடியிருந்தார், அவர் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார், இந்தப் பக்கத்தை மட்டும் முடித்துவிட்டு என்று நினைத்தேன். பேனா கையில் இருந்தது.

கை செய்த பிறகுதான் பேனா எழுத வேண்டும் என்று பட்டாசை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். ஒரு முறை அவள் அழுதேவிட்டாள்.

ஒன்றரை மணிக்கு இஸ்திரி போட்ட சீருடையை மாற்றிக்கொண்டு, தலையைச் சரிசெய்துகொண்டு, போவதற்கு முன் வாத்தியாரைத் திருப்பிவிட்டுப் போகலாம் என்று பட்டாசைக் கூப்பிட்டேன். "ஐயோ அக்கா, கசங்கிடப் போகுது, தள்ளி நில்லுங்க" என்றாள். இருவரும் போர்வையை விலக்கி அவரை இடது பக்கமாகப் புரட்டினோம்.

வலது இடுப்பெலும்பின் முனையில், உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது.

சிவப்பு இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தால் அந்த இடம் வெளுத்து, பிறகு மெல்லச் சிவக்கும். உள்ளே ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அழுத்தினேன். மூன்று வரை எண்ணி விரலை எடுத்தேன். வெளுக்கவில்லை. மறுபடியும் அழுத்தினேன். என் விரல் அங்கே இருந்த அடையாளமே இல்லாமல் அதே சிவப்பு.

பாரம் இல்லாமல் அரை மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். மேலே அறிக்கை போக வேண்டும், வாசலில் இருக்கும் எண் பூஜ்யம் ஆக வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து என்றால் சரியாக இரண்டு மணி.

வாத்தியாரின் மனைவி எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "செவந்திருக்கா சிஸ்டர்? பத்து மணிக்கே கேக்கலாம்னு நெனச்சேன். நீங்க படிச்சிட்டிருந்தீங்க." அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனியே இல்லை. "பரீட்சைக்குப் படிக்கற புள்ளைங்கள தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இவர் வீட்டுல சத்தம் போடுவார். ரேடியோகூடப் போட விட மாட்டார். அதான் நானும் சும்மா இருந்துட்டேன். இன்னிக்கு நம்ம சிஸ்டருக்குப் பரீட்சைன்னு காலைலயே இவர் காதுல சொன்னேன். கைய அசைச்சார்."

"நீங்க கேட்டிருக்கணும்மா" என்று சொல்லும்போதே என் மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் ஏன் கேட்க வேண்டும்?

பட்டாசு என்னை மருந்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க கெளம்புங்க. ரெண்டு மணிக்கு நான் அழுத்திப் பாக்கறேன். வெளுத்துரும்."

"வெளுக்கலன்னா?"

"வெளுக்கலன்னா..." அவள் ஊசிப் பெட்டியை இப்படியும் அப்படியும் நகர்த்தினாள். "நாளைக்குக் காலைல பாத்ததா எழுதிக்கலாம். நான் பாத்ததா எழுதறேன். அப்ப நீங்க இங்க இல்ல."

"என்னடி பேசற?"

"பின்ன என்னக்கா? நீங்க மேல போனாத்தான் எங்களுக்கு விடிவு. அந்த நாற்காலில வேற யாராவது உக்காந்தா இந்த வார்டுல இதே ரெண்டு பேர்தான். இதே மாதிரி இன்னும் பத்துப் பேருக்குச் செவக்கும். ஒரு அரை நாள் தள்ளி எழுதறதுல யாருக்கு என்னக்கா போகுது?" அவள் கண்ணில் நீர் நின்றது. "எனக்கு இருபத்தாறு வயசுக்கா. செருப்பு மாட்டக் குனிய முடியல."

அவள் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. இந்தச் சிவப்பு இனி யாருக்கும் வராமல் இருக்க வேண்டுமென்றால் நான் அந்த அறைக்குள் போய், இந்தச் சிவப்பு இல்லை என்று சொல்ல வேண்டும். உள்ளே போய் உண்மையைச் சொன்னால்? நூற்றுப் பன்னிரண்டு என்று திரை முழுக்கக் காட்டிவிட்டு, அதைக் கெடுத்தது நான்தான், செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்தும் போட்டேன் என்று சொன்னால், வேலையைக் கொடுப்பது இருக்கட்டும், இருக்கும் வேலைக்கே விளக்கம் கேட்பார்கள். நான்கு வருடம். அவர் வேண்டாமென்று சொன்ன வேலை. மகள் கண்விழித்துச் செய்த படங்கள். சுவரில் சாய்ந்து நின்றேன்.

போன் அடித்தது. அவர்தான். பின்னால் டிப்போவின் இரைச்சல்.

"உள்ள போயிட்டியா?"

"இல்ல."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? பயமா? தப்பு என்னன்னு கேட்டா தயங்காம தெர்மாமீட்டரை எடுத்து விடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, நீங்க எப்பவாச்சும் ஆள் நிக்கறது தெரிஞ்சும் ஸ்டாப்புல நிறுத்தாம போயிருக்கீங்களா?"

"இது என்ன கேள்வி இப்ப?"

"சொல்லுங்க."

"போயிருக்கேன். ஒரு தடவ. மாசமா இருந்த பொண்ணு, கைய ஆட்டிட்டு நின்னா. நேரமாயிருச்சுன்னு போயிட்டேன். கண்ணாடில பாத்துக்கிட்டேதான் போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒன்னும் ஆகல. அடுத்த பஸ்ல போயிருப்பா." குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்தக் கண்ணாடில இன்னும் நிக்கறா. என்னாச்சு? ஏதோ ஆயிருக்கு, சொல்லு."

"ரெண்டு மணிக்கு அப்புறம் சொல்றேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"நீ சொல்லு, அப்புறம் சாப்பிடறேன்."

போனை வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

வாத்தியாரின் படுக்கைக்குப் போனேன். கால்மாட்டிலிருந்து அட்டையை எடுத்தேன். என் கோழிக் கையெழுத்து வரிசையாக மூன்று. பத்து மணிக்கு எதிரே இருந்ததன் மேல் ஒரு கோடு போட்டேன். பன்னிரண்டுக்கு எதிரே இருந்ததன் மேலும் ஒரு கோடு. பக்கத்தில் 'புரட்டவில்லை' என்று இரண்டு இடத்திலும் எழுதி, நேரம் போட்டு, புதிதாகக் கையெழுத்துப் போட்டேன். பட்டாசு படுக்கையின் அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். தலையணை ஒன்றைக் கொண்டுவந்து வாத்தியாரின் முதுகுக்கு அண்டை கொடுத்தாள்.

வாத்தியார் கண் திறந்திருந்தார். சரியாக இருக்கிற இடது கை இப்போது உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அதை மெல்ல வெளியே எடுத்து நேராக வைத்தேன். விரல்கள் என் விரலைப் பற்றிக்கொண்டன. பிடியில் எவ்வளவு பலம்.

"என்ன மன்னிச்சிருங்க சார்" என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பிடியை விடவில்லை.

ஒன்று ஐம்பத்தெட்டு. லிஃப்ட் திறக்கும் சத்தம், தாழ்வாரத்தில் வேகமாகச் செருப்பு. நான்காவது மாடி உதவியாளர் வார்டு வாசலில், பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிஸ்டர், மேல எல்லாரும் வந்து உக்காந்துட்டாங்க. முதல்ல உங்களத்தான் கூப்பிடறாங்க. வாங்க, வாங்க."

"ரெண்டு நிமிஷம்ணா."

"ரெண்டு நிமிஷமா? கூப்பிட்டு ஆள் வரலன்னா அடுத்த பேருக்குப் போயிருவாங்க சிஸ்டர்!"

"தெரியும்ணா."

அட்டையைத் திரும்ப மாட்டாமல், மேலே கொண்டுபோகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வாத்தியாரின் பிடியிலிருந்து என் விரலை விடுவித்து, அந்தக் கையை அவர் மனைவியின் கையில் கொடுத்தேன். போர்வையை விலக்கினேன். ஜன்னல் வெளிச்சம் நேராக இடுப்பின் மேல் விழுந்தது. சிவப்பின் ஓரம் சற்று மங்கியிருப்பது போலத் தெரிந்தது. வெளிச்சத்தினாலும் இருக்கலாம். பட்டாசு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், பெல்ட் இறுக்கியிருந்தும் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி.

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டது. சிவப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.

விரலை எடுத்தேன்.