ஒரு கையால் தூக்கும் பெட்டி

அந்தப் பெட்டிக்கு எருமை என்று பெயர் வைத்தது அண்ணி. இடுப்புக்கு மேல் உயரமான கறுப்பு ஸ்பீக்கர் கேபினெட். உள்ளே எட்டு ஸ்பீக்கர், அடியில் சக்கரம், அந்தச் சக்கரங்களிலும் ஒன்று திரும்பாது. கலைந்துபோன ஒரு இசைக்குழுவிடமிருந்து அண்ணன் அதை ஆசை ஆசையாக வாங்கி வந்திருந்தான். ஒத்திகை அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. ஒவ்வொரு கச்சேரிக்கும் எருமை படியிறங்கி வேனில் ஏறும். ஒரு பக்கம் அண்ணன் பிடிப்பான், மறுபக்கம் தங்கை. அவள்தான் அவர்கள் குழுவில் தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிப்பவள். ஆள் உயரம் கம்மி, கிட்டாரின் கழுத்து நீளம். பார்க்கிறவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும் என்பதால் குழுவுக்குள் அவள் பெயர் குள்ளி.

புதன்கிழமை ஒத்திகை முடிந்ததும் கேபிளைச் சுருட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "அண்ணா, சனிக்கிழமை புரோகிராமுக்கு நான் வேற செட் வாங்கப் போறேன். ஆம்ப், கேபினெட், முடிஞ்சா கிட்டாரும்."

அண்ணன்தான் பாடுகிறவன், கிட்டார் வாசிக்கிறவன், வேன் ஓட்டுகிறவன். அலுப்போடு திரும்பிப் பார்த்தான்.

"இருக்கறதுக்கு என்ன கேடு வந்துச்சு?"

"முதுகு வலிக்குது."

"தைலம் தேய். எருமைய வச்சாத்தான் கேக்கறவன் நெஞ்சுல போய் இடிக்கும். சின்னப் பெட்டியெல்லாம் கொசு கத்தற மாதிரி இருக்கும்."

"வலிக்குதுன்னு சொல்றேன்ல."

"போன வாரம் வரைக்கும் வலிக்கல?"

அவள் சுருட்டிய கேபிளைப் பிரித்து மறுபடி சுருட்டினாள்.

முதுகுக்கு ஒன்றுமில்லை. நாள் தள்ளிப்போயிருந்தது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவனுக்கும் டாக்டரம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. போன வருடமும் இப்படித்தான் நாள் தள்ளிப்போனது, ஆனால் தங்கவில்லை. அப்போது அண்ணனிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தாள். "இது யாரோட தப்பும் இல்லம்மா, சிலருக்கு இப்படி ஆகறதுதான்" என்றார் டாக்டரம்மா. அதை அவள் நம்பினாள். ஆனால் அதற்கு முந்தைய வாரம், லிப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் எருமையை அண்ணனோடு சேர்ந்து மாடி மாடியாக ஏற்றியதும் நினைவில் இருந்தது. டாக்டரின் சொல் காதோடு நின்றது. அந்தக் கைப்பிடியின் அழுத்தம் உள்ளங்கையை விட்டுப் போக மறுத்தது.

இந்தத் தடவை நிலைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். அதுவரை எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை. காலையில் எழுந்து டம்ளர்களை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றுவாள், சாயங்காலம் கீழ்தட்டுக்கே கொண்டுவருவாள். கணவன் பார்த்துவிட்டு, "அதுங்களுக்குக் காலிருந்தா வேற வீடு தேடிப் போயிருக்கும்" என்பான். சிரித்துவிட்டு அடுத்த தட்டில் கைவைப்பாள்.

மறுநாள் அவள் இசைக்கருவிக் கடைக்குப் புறப்பட்டபோது வாசலில் அண்ணி நின்றாள். அண்ணிதான் குழுவின் டிரம்மர். முன்கை ஆண்பிள்ளையுடையது போல இறுகியிருக்கும். பேச்சு குறைவு.

"உங்க அண்ணன் அனுப்பினாரு" என்றாள் அண்ணி. "நீ ஏமாந்துடாம பாத்துக்கணுமாம்."

"ஒற்றரா வந்திருக்கீங்களா?"

"சம்பளம் இல்லாத ஒற்றர். வா, போலாம்."

கடை நீளமான ஒரே அறை. ஒரு சுவர் முழுக்கக் கிட்டார்கள், எதிர்ச் சுவரோரம் பெட்டிகள். கடைக்காரம்மா கொண்டையில் ஸ்குரூ டிரைவரைச் செருகியிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கே வாசிக்கிறீர்கள், ஹாலா வெட்டவெளியா, படி உண்டா, யார் தூக்குவது என்று கேட்டார்.

"நான்தான் தூக்குவேன்" என்றாள் குள்ளி. "ஒரு கையால தூக்கற மாதிரி வேணும். பளுவே இருக்கக் கூடாது."

"பளுவே இல்லாம சத்தம் மட்டும் வேணும். எல்லாரும் அதத்தான் கேக்கறாங்க. முதல்ல கிட்டாரப் பாப்போம்."

முதலில் எடுத்தது உடல் சிறுத்த, காற்றடைத்தது போன்ற கிட்டார். தோளில் மாட்டியதும் லேசாக இருந்தது. கையை விட்டதும் தலைப்பக்கம் தரையை நோக்கிச் சரிந்தது. வாசிக்கும்போது இடது கை சுரத்தைப் பிடிப்பதா, கழுத்தைத் தாங்குவதா என்று திண்டாடியது. அடுத்தது சமநிலையில் நின்றது, ஆனால் வயிற்றின் மேல் ஒரு விளிம்பு அழுத்தியது. அவள் சட்டென்று கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றாள் அண்ணி.

"எனக்குச் சரியா வரல."

மூன்றாவது கிட்டாரின் கழுத்து குட்டை. ஓரங்கள் வழவழவென்று உருண்டிருந்தன. தடித்த தந்தி தளர்வாக, கொஞ்சம் சோம்பேறித்தனமாகப் பேசியது. பக்கவாட்டில் தள்ளி மாட்டினால் வயிற்றில் படவே இல்லை. அவள் வாசித்துக்கொண்டே கடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். கேபிள் தீர்ந்து இழுத்ததும் திரும்பி வந்தாள்.

"உக்காந்து வாசிச்சுப் பாருங்களேன்" என்றார் கடைக்காரம்மா.

"இல்ல, பரவால்ல."

சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் கைப்பை அளவுதான் இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க நேரமாகவில்லை. பெட்டியில்தான் மாட்டிக்கொண்டாள். இரண்டு கேபினெட் பிடித்திருந்தன. ஒன்றில் சத்தம் கனம், பெட்டியும் கனம். இன்னொன்றில் ஒரே ஸ்பீக்கர். ஒரு கையால் தூக்கலாம், ஆனால் கிட்டே நின்றால் சத்தம் வெளிறியிருந்தது. அவள் இதற்கும் அதற்கும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினாள். நெற்றி வியர்த்தது.

"பெட்டிக்கு முன்னாடியே நின்னுக்கிட்டு கேட்டா எதுவும் தெரியாது. வாசல் கிட்டப் போய் நின்னு கேளுங்க" என்றார் கடைக்காரம்மா. "தனியாவும் வாசிக்காதீங்க. கூட வாசிக்க ஆளிருக்கா?"

அண்ணி அதற்குள் மூலையிலிருந்த டிரம் செட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிதானமாக ஒரு தாளம் போட, குள்ளி வாசற்படியில் நின்று வாசித்தாள். தெருவில் போனவர் ஒருவர் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். கிட்டே வெளிறியிருந்த பெட்டி, டிரம்மோடு சேர்ந்ததும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கனத்த பெட்டியோ அந்த நீள அறையில் குமுறியது. எந்தச் சுரம் என்றே பிரித்தறிய முடியவில்லை.

"சின்னது" என்றாள் அண்ணி, குச்சியை நிறுத்தாமல்.

அப்போது கடைக்காரம்மா, "இதக் கொஞ்சம் நகத்திக்கலாம், ஒரு கை கொடுங்க" என்று கனத்த பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். குள்ளி அனிச்சையாகக் குனிந்தாள். கைப்பிடியில் விரல் பட்டதும், சூடு பட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

தாளம் நின்றது. அண்ணி எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்துப் பெட்டியை நகர்த்தினாள். புறப்படும்போது புதுப் பெட்டியையும் ஆம்பையும் கிட்டாரையும் தானே தூக்கிக்கொண்டாள்.

"ஒரு கையால தூக்கறதுதானே, நான் எடுத்துக்கறேன்" என்றாள் குள்ளி.

"எனக்கு ரெண்டு கை இருக்கு" என்றாள் அண்ணி.

சனிக்கிழமை கச்சேரி ஒரு தொழிற்சாலையின் ஆண்டு விழா. வண்டி நிறுத்தும் இடத்தில் மேடை போட்டிருந்தார்கள். வெயில் சாய்வதற்கு முன்பே தொடங்கவேண்டும். குள்ளி தனியாக ஆட்டோவில் போய் இறங்கினாள். கணவனுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. மேடைக்குப் பின்னால் வேனின் கதவு திறந்திருந்தது. உள்ளே எருமை நின்றது.

"எதுக்கு அதக் கொண்டு வந்தே?"

"ஒரு காபந்துக்கு" என்றான் அண்ணன். "டயர் கடைப் பசங்கதான் ஏத்திவிட்டாங்க. உன் பெட்டி பாடினா சரி. பாடலேன்னா?"

புதுப் பெட்டியை மேடைப் பலகையில் வைத்து, அவள் ஒரு பாட்டின் முதல் வரியை வாசித்தாள். மைக் ஆள் ஆம்பிலிருந்து ஒரு கேபிளைப் பெரிய ஸ்பீக்கர்களுக்கு இழுத்திருந்ததால் கீழே நாற்காலிப் பக்கம் கேட்டது. மேடையில் கேட்கவில்லை. சத்தமெல்லாம் அவள் முழங்காலோடு போயிற்று. அண்ணன் கிட்டாரைத் தொட்டதும் அதுவும் இல்லாமல் போனது. அவள் குமிழைத் திருகினாள். இன்னும் திருகினாள். பெட்டி கரகரத்தது.

"சொன்னேன்ல" என்றான் அண்ணன். கிட்டாரைக் கழற்றிவைத்துவிட்டு வேனுக்குப் போனான். எருமையை விளிம்பு வரை இழுத்துவிட்டு அவளைப் பார்த்தான். "வா, அந்தப் பக்கம் பிடி. ஜனம் வந்துடும்."

அவள் நகரவில்லை.

"குள்ளி, விளையாடாத. நேரமாகுது."

"முடியாது."

"முதுகு வலின்னா மெதுவாப் பிடி. எடைய நான் வாங்கிக்கறேன்."

"நான் பிடிக்கறேன்" என்று அண்ணி வந்தாள்.

"உனக்கு மணிக்கட்டு போச்சுன்னா யாரு வாசிக்கறது? நீ இரு. இவளுக்கு என்ன வந்துச்சு? புதுசு வாங்கினதும் பழசத் தொட்டா கை அழுக்காயிடுமா?" அவன் குரல் ஏறியது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "குழுவ விட்டுப் போறதா இருந்தா நேராச் சொல்லு. சும்மா முதுகு, முதுகுன்னு."

அவள் வேன் அருகே போனாள். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அண்ணா, என்னால தூக்க முடியாதுன்னு இல்ல. தூக்கக் கூடாது."

அவனுக்கு உடனே புரியவில்லை. பிறகு முகத்தில் ஏதோ மாறியது. சிரிப்பு வருவது போலிருந்தது. அது வருவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"போன வருஷமும் ஒரு தடவை நாள் தள்ளிப்போச்சு. தங்கல. காய்ச்சல்னு உங்கிட்டப் பொய் சொன்னேன்."

அண்ணன் எருமையிலிருந்து கையை எடுத்தான். "எப்போ? அந்த லிப்ட் ஓடாத எடத்துக்குப் போனோமே, அதுக்கு முன்னாடியா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"பின்னாடி" என்றாள். "ஆனா அதனால இல்லையாம். டாக்டர் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க."

"நீ நம்பறியா?"

"பகல்ல நம்பறேன்."

அவன் வேனின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். தன் உள்ளங்கைகளை இரண்டு மூன்று முறை தொடையில் துடைத்தான். "அன்னிக்கு நீ பாதிப் படியில நின்னே" என்றான். "நான்தான், ஏறு ஏறு, நேரமாச்சுன்னு கத்தினேன்."

"எப்பவும் கத்தறதுதானே. அதுக்காக இல்ல."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லிட்டு, அப்புறம் இல்லைன்னு எப்படிச் சொல்றது? அம்மா அப்பா இல்லாத வீட்டுல நீதான் முதல்ல சந்தோஷத்துல ஆடியிருப்ப. இந்தத் தடவையும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன்."

அண்ணி இரண்டடி தள்ளி நின்றாள். "எனக்கு வியாழக்கிழமையே தெரியும்" என்றாள்.

"யாரும் எங்கிட்ட எதுவும் சொல்றதில்ல" என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லத் தொடங்கியவனுக்குப் பாதியில் குரல் உடைந்தது. எழுந்து, நாற்காலி போட்டுக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகளிடம் போய்க் கும்பிடு போட்டான். மூவருமாக எருமையை மேடைக்கு ஏற்றினார்கள். அவள் மறுப்பதற்குள் அண்ணன் புதுப் பெட்டியை ஒரு கையால் தூக்கி எருமையின் முதுகில் வைத்தான். எருமைக்கு எந்தக் கேபிளும் கிடையாது. வெறும் மேசையாக நின்றது.

"கடைக்காரம்மா எங்கிட்டச் சொன்னாங்க, வெளியில வாசிச்சா உயரத்துல வைக்கணும்னு" என்றாள் அண்ணி. "சொல்ல மறந்துட்டேன்."

குள்ளி ஒரு தந்தியைத் தட்டினாள். சத்தம் நேரே காதுக்கு வந்தது. உருண்டையாக, இடமறிந்து, அண்ணி காலால் உதைக்கும் டிரம் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. குமிழைப் பாதிக்குக் குறைத்தாள்.

கச்சேரி முழுக்க அண்ணன் ஒழுங்காகப் பாடவில்லை. இரண்டாவது சரணத்தை மறந்து முதல் சரணத்தையே பாடினான். பாட்டுக்கு நடுவே திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் கொஞ்சம் நகர்ந்தாலும் கால் வலிக்கிறதா என்று கண்ணால் கேட்டான். அது அவளுக்கு எருமையை விடப் பாரமாக இருந்தது. ஆனாலும் விரல்கள் அன்று தடுமாறவில்லை.

பயம் அதோடு போய்விடவில்லை. டம்ளர்கள் தட்டு மாறிக்கொண்டேதான் இருந்தன. போன தடவை தவறிய வாரத்தைத் தாண்டிய அன்று மட்டும் கணவன் அலமாரிக்கு முன்னால் வந்து நின்று, அவளோடு சேர்ந்து டம்ளர் மாற்றினான். வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் அவள் வாசித்தாள். கிட்டார் மெல்ல மெல்லப் பக்கவாட்டுக்குப் போய், கடைசியில் கழுத்து கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்தது. டாக்டரம்மா போதும் என்றதும் நிறுத்தினாள்.

அவளுக்குப் பதிலாக ஒரு ஆள் வந்தான். வேறு குழுவில் வாசித்துப் பழகியவன், வேகமான விரல். முதல் கச்சேரியைக் கேட்கக் கணவனோடு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டு பொறுத்தாள். எழுந்து சுவரோரம் போய்க் கேட்டாள், வாசலில் போய்க் கேட்டாள், திரும்பி வந்தாள்.

"என்ன?" என்றான் கணவன்.

"கீச்சுன்னு வச்சிருக்கான். பெட்டிய மூலையில வேற தள்ளி வச்சிருக்கான். அண்ணி அடிக்கறதுக்குக் கீழ எதுவுமே இல்ல, பாருங்க."

"விடேன். அவன் வாசிக்கற விதம் அது."

அவள் விடவில்லை. பாட்டு முடிந்து கைதட்டும்போது, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடுவழியாக மேடைக்கு நடந்தாள். புதுக்காரன் வழிவிட்டு நின்றான். அவள் குனியாமல், கையை மட்டும் நீட்டி ஆம்பில் ஒரு குமிழைக் குறைத்தாள், பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் ஏற்றினாள். பெட்டியைச் சுட்டிக்காட்டி, முன்னே இழு என்று சைகை செய்தாள். அவன் ஒரு கையால் இழுத்தான்.

"குள்ளி, போய் உக்காரு" என்றான் அண்ணன். மைக் திறந்திருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நீ பாடு" என்றாள் அவள். உட்காரவில்லை. மேடைக்குக் கீழே, பெட்டிக்கு நேர் எதிரே, அடுத்த பாட்டு சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.